சனி ராத்திரி ஃபுல் பேக்கப் ஓடும்போதே டிஸ்கிலிருந்து டேப்புக்கு மைக்ரேஷன் கிளம்புது: எந்நேரத்துக்கு வைக்கறது?

ஊத்துக்குளி | திங்கள், காலை 9:40

வணக்கங்க. திருப்பூர்ல ஒரு பனியன் ஏற்றுமதி யூனிட்டோட பேக்கப் சர்வரைப் பத்திக் கேக்கறனுங்க.

பேக்கப் மென்பொருள் பேக்குலா, டெபியன் லினக்ஸ் மேல ஓடுது. டிஸ்க் 40 டிபி, எம்டி சாஃப்ட்வேர் ரெய்டு 6. டேப்புக்கு அரை உயர எல்டிஓ-8 டிரைவ் ஒண்ணு, 8 ஸ்லாட் ஆட்டோலோடர் (டேப்பைத் தானா மாத்தற பெட்டி). பேக்கப் எடுக்கற சர்வர் 8. சனிக்கிழமை வாரச் சம்பளம் போட்டு முடிக்க ராத்திரி 9 ஆயிரும்ங்க, அதனால ஃபுல் (முழு பேக்கப்) 10 மணிக்கு. அளவு 9 டிபி. திங்கள் முதல் வெள்ளி வரைக்கும் ராத்திரி 10-க்கு இன்கிரிமென்டல் (முந்தின பேக்கப்புக்கு அப்புறம் மாறினது மட்டும்), ஒரு ராத்திரிக்கு 0.8 டிபி. ஞாயிறு லீவு.

மைக்ரேஷன் ஜாபுக்கு (டிஸ்க்ல இருக்கற பேக்கப்பை டேப்புக்கு நகர்த்தறது) செலக்‌ஷன் டைப் பூல் ஆக்குபன்சி. பூல்ங்கறது வால்யூம்களோட (பேக்கப் எழுதற ஃபைல் இல்லைன்னா டேப்) தொகுப்பு; அது 36 டிபி (ஹை பைட்ஸ்) தாண்டினா 24 டிபி (லோ பைட்ஸ்) வர்ற வரைக்கும் நகர்த்தும். ஒரு மணிக்கொருக்கா ஓடுது.

மூணு பிரச்சினைங்க. ஃபுல் பாதி ஓடும்போது 36 டிபி தாண்டி மைக்ரேஷன் கிளம்பீருது. ரெண்டும் மோதி ஃபுல் ஞாயிறு சாயங்காலம் வரைக்கும் இழுக்குது. ரெண்டாவது, டேப்புக்குப் போற வேகம் நொடிக்கு 40 எம்பிக்கு மேல ஏறமாட்டீங்குது. ஃபுல் முடிஞ்சு மைக்ரேஷன் மட்டும் ஓடும்போதும் அதே 40 தான். மூணாவது, மைக்ரேஷன் வெற்றின்னு வந்தாலும் டிஸ்க் 94 சதவீதத்துலயே நிக்குது.

---

வெள்ளலூர் | திங்கள், காலை 10:05

முதல் பிரச்சினைக்கு மட்டும்: பேக்கப் ஜாபுக்கு பிரையாரிட்டி 10, மைக்ரேஷனுக்கு 20 கொடுத்துப் பாருங்க. எண் பெருசா இருந்தா பின்னாடி போயிரும். ஃபுல் முடியற வரைக்கும் மைக்ரேஷன் கிளம்பாது.

---

சென்னிமலை | திங்கள், காலை 11:30

வெள்ளலூர் சொன்னதைத் தனியாச் செஞ்சா வேற இடத்துல அடி விழும் தம்பி. பேக்குலா வேற வேற பிரையாரிட்டி ஜாபுகளை ஒண்ணா ஓட்டாது. பின்னாடி போற ஜாப் ஏற்கெனவே ஓடிட்டு இருந்தா, முன்னுரிமை உள்ள ஜாபும் அது முடியற வரைக்கும் காத்துத்தான் கிடக்கும். செவ்வாய் ராத்திரி 9-க்கு ஒரு மைக்ரேஷன் ஆரம்பிச்சிருந்தா 10 மணி இன்கிரிமென்டல் அதுக்குப் பின்னால வரிசையில நிக்கும். அலோ மிக்ஸ்டு பிரையாரிட்டி ஆப்ஷன் இருக்குது. ஆனா ஓடிட்டு இருக்கற எல்லா ஜாபுலயும் அது 'எஸ்' ஆக இருந்தாத்தான் கலக்கும். பேக்கப் ஜாபுல மட்டும் போட்டுட்டு வேலை செய்யலைன்னு சொல்றவங்க நிறையப் பேரு. இங்க தேவைப்படறது நேரத்தைப் பிரிக்கறது. பிரையாரிட்டியை எல்லாத்துக்கும் 10-லயே விடுங்க.

இப்ப 40 எம்பிக்கு வர்றேன். உங்க ஃபைல் ஸ்டோரேஜ்ல டிவைஸ் எத்தனை? ஒரே டிவைஸ் மேல 8 ஜாப் ஒண்ணா எழுதுதா?

---

ஊத்துக்குளி | திங்கள், காலை 11:52

ஆமாங்ணா. டிவைஸ் ஒண்ணுதான். மேக்சிமம் கன்கரண்ட் ஜாப்ஸ் 8. வால்யூம் ஒவ்வொண்ணும் 100 ஜிபி.

---

சென்னிமலை | திங்கள், மதியம் 12:40

அங்கதான் இருக்குது விஷயம். ஒரே வால்யூம்ல 8 ஜாபும் ஒண்ணா எழுதும்போது பிளாக்குகள் பின்னிப் போயிருது, எட்டு நூலைச் சேர்த்து முறுக்கின மாதிரி. மைக்ரேஷன் ஒரு நேரத்துல ஒரு ஜாபைத்தான் எடுத்துப் போகும். அந்த ஒரு நூலை உருவ, வால்யூம்ல அந்த ஜாப் பரவிக் கிடக்கற பகுதி முழுக்கப் படிச்சு, மத்த ஏழைத் தூக்கிப் போடோணும். டிஸ்க் நொடிக்கு 300 எம்பி படிச்சாலும் எட்டுல ஒரு பங்கு, 37 எம்பிதான் டேப்புக்குப் போகும். நீங்க சொன்ன 40-க்கு ஏறத்தாழச் சரியா வருது பாருங்க. டேப் டிரைவ் மேலயோ கேபிள் மேலயோ குத்தமில்லை.

மாத்த வேண்டியது எழுதற பக்கம். வர்ச்சுவல் டிஸ்க் சேஞ்சரா அமைங்க: ஒரு ஆட்டோசேஞ்சருக்குள்ள 10 ஃபைல் டிவைஸ், ஒவ்வொண்ணுலயும் மேக்சிமம் கன்கரண்ட் ஜாப்ஸ் 1. எட்டு எழுத, ரெண்டு படிக்க. எல்லாத்துக்கும் மீடியா டைப் ஒரே பேரு. டேப்புக்கு வேற பேரு. டிஸ்க் பூல்ல மேக்சிமம் வால்யூம் ஜாப்ஸ் 1 போட்டீங்கன்னா ஒரு வால்யூம்ல ஒரு ஜாப் மட்டும் இருக்கும். படிக்கறதும் நேர்கோடு, காலி பண்றதும் சுத்தம்.

மூணாவது கேள்விக்குப் பதில்: மைக்ரேஷன் ஆன பழைய ஜாபு கேட்டலாக்ல (பேக்குலாவோட பதிவு டேட்டாபேஸ்) 'எம்' வகையா மாறுமே தவிர டிஸ்க்ல கிடக்கற ஃபைல் சுருங்காது. பர்ஜ் மைக்ரேஷன் ஜாப் 'எஸ்' போட்டா கேட்டலாக்லருந்து போகும், வால்யூம் பர்ஜ்டு (உள்ள இருந்த ஜாப் பதிவெல்லாம் நீங்கினது) ஆகும். அப்பவும் 100 ஜிபி ஃபைல் 100 ஜிபியாவே உக்காந்திருக்கும். பூல்ல ஆக்‌ஷன் ஆன் பர்ஜ் = ட்ரங்கேட் (ஃபைலைச் சுருக்கறது) போட்டு, அதுக்கப்புறம் பிகன்சோல்ல (பேக்குலாவோட கட்டளைத் திரை) ட்ரங்கேட் கட்டளையையும் ஓட்டோணும். ரெண்டும் வேணும். பூல்ல மாத்தினது ஏற்கெனவே இருக்கற வால்யூம்களுக்குத் தானா ஏறாது. அப்டேட் வால்யூம் போட்டு எல்லா வால்யூமுக்கும் ஏத்துங்க. பலபேரு இந்த இடத்துல விட்டுட்டுத்தான் டிஸ்க் குறையலைங்கறாங்க.

---

பெருந்துறை | திங்கள், மாலை 4:15

ஐபிஎம் பக்கத்தில் டிஎஸ்எம் என்ற பழைய பெயரில் அறியப்பட்ட மென்பொருளிலும் இதே சிக்கல் உண்டு. அங்கே டிஸ்க் பூலுக்கு இயல்பாக ஹைமிக் (மைக்ரேஷன் கிளம்பும் சதவீதம்) 90, லோமிக் (நிற்கும் சதவீதம்) 70 என்று இருக்கும். 90 சதவீதம் தொட்டவுடன் மைக்ரேஷன் தானாகக் கிளம்பும். டிஸ்க் எப்போது 90-ஐத் தொடும்? பேக்கப் வந்து கொட்டும்போதுதான். ஆக, அளவைப் பார்த்துக் கிளம்பும் மைக்ரேஷன் எப்போதும் தவறான நேரத்தில்தான் கிளம்பும். அதனால் பேக்கப் நேரத்தில் ஹைமிக்கை 100 ஆக்கி வைத்து, காலையில் நிர்வாக ஷெட்யூல் ஒன்றில் மைக்ரேட் ஸ்டோரேஜ்பூல் கட்டளையை லோமிக் 0, கால வரம்புடன் கொடுப்பது வழக்கம். அளவு வரம்பு அவசரக் கதவு மட்டுமே. கடிகாரம்தான் வாசல்.

பேக்குலாவில் பூல் ஆக்குபன்சி அந்த அளவுக்குக்கூட விழிப்பாக இருப்பதில்லை. ஜாப் ஓடும் நொடியில் மட்டும்தான் அளவைப் பார்க்கும். நீங்கள் ஒரு மணிக்கொரு முறை ஓட்டுவதால் அது தானாகக் கிளம்புவது போலத் தெரிகிறது.

இன்னொன்று, இதுதான் முக்கியம். மைக்ரேஷன் என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. டேப்பில் ஒரு நகல் எழுதுவது ஒன்று. டிஸ்கில் இடத்தை விடுவிப்பது இன்னொன்று. முதலாவது எவ்வளவு சீக்கிரம் நடக்கிறதோ அவ்வளவு நல்லது. இரண்டாவது எவ்வளவு தாமதமாகிறதோ அவ்வளவு நல்லது, ஏனென்றால் டிஸ்கில் இருக்கும்வரை ரீஸ்டோர் வேகமாக வரும். இரண்டையும் ஒரே ஜாபில் கட்டினால் ஒன்றின் நேரம் மற்றதைக் கெடுக்கும். டிஎஸ்எம்மில் முதலில் காப்பி பூலுக்கு பேக்கப் ஸ்டோரேஜ்பூல், பிறகு மைக்ரேஷன், பிறகு டேட்டாபேஸ் பேக்கப் என்று வரிசை வைப்பது இதற்காகத்தான். பேக்குலாவில் மைக்ரேஷன் ஜாபைக் கைவிட்டு, டைப் காப்பி, செலக்‌ஷன் டைப் பூல் அன்காப்பீடு ஜாப்ஸ் என்று மாற்றுங்கள். இதுவரை நகலாகாத ஜாபுகளை மட்டும் அது எடுக்கும். டிஸ்கிலுள்ள மூலத்தை வால்யூம் ரிடென்ஷன் (எத்தனை நாள் வைத்திருப்பது என்ற வரம்பு) பார்த்துக்கொள்ளும். மூலம் நீங்கியதும் டேப் நகல் தானாக பேக்கப் என்ற நிலைக்கு உயரும். ரீஸ்டோர் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

---

காங்கேயம் | திங்கள், மாலை 6:02

பெருந்துறை சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அதில் ஒரு குழி இருக்கிறது. மைக்ரேஷன் என்றால் டேப்பில் முழுக்க எழுதி முடியாமல் மூலத்தைத் தொடாது. காப்பிக்கும் ரிடென்ஷனுக்கும் அந்தக் கயிறு கிடையாது. டிரைவ் பழுது, டேப் தீர்ந்தது, ஜாப் ரத்து என்று இரண்டு ஞாயிறு நகல் விழாமல் போனால், ரிடென்ஷன் நாள் வந்ததும் நகலே இல்லாத மூலத்தை டிஸ்கிலிருந்து நீக்கிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது, ஏனென்றால் அதன் கணக்கில் எல்லாம் சரி.

ஆகவே டிஸ்க் பூலில் ஆட்டோ ப்ரூன் (காலம் முடிந்த பதிவுகளைத் தானாக நீக்குவது) 'நோ'. நீக்குவதை ஒரு அட்மின் ஜாப் வழியாக மட்டும் செய்யுங்கள். அந்த ஜாபின் ஸ்கிரிப்ட் முதலில் கேட்டலாக்கில் கேட்க வேண்டியது: ரிடென்ஷன் முடிந்த வால்யூமில் உள்ள ஒவ்வொரு ஜாபுக்கும், அதை பிரையர் ஜாப்ஐடியாக (மூல ஜாபின் எண்) காட்டி நல்லபடி முடிந்த காப்பி ஜாப் ஒன்று இருக்கிறதா? ஒன்றுக்கு இல்லாவிட்டாலும் ஸ்கிரிப்ட் பூஜ்ஜியம் அல்லாத எண்ணோடு வெளியேறட்டும். ப்ரூனும் ட்ரங்கேட்டும் நடக்காது, மெயில் வரும். டிஸ்க் நிறைந்து பேக்கப் நின்றால் மறுநாளே தெரியும். நகல் இல்லாமல் மூலம் போனால் ரீஸ்டோர் கேட்கும் நாளில்தான் தெரியும்.

---

சென்னிமலை | திங்கள், இரவு 8:20

காங்கேயம் அண்ணன் சொல்றது நூத்துக்கு நூறு சரி. கயிறு நாமதான் கட்டோணும்.

ரிடென்ஷன் எத்தனை நாள்னு கணக்குப் போடலாம். எல்லாரும் 14 போடுவாங்க. இங்க 13 போடோணும். சனி 10 மணிக்கு ஆரம்பிக்கற ஃபுல் ஞாயிறு காலை 8 மணி வாக்குல முடியும் (9 டிபிக்கு 10 மணி நேரம், நொடிக்கு 250 எம்பி, 10 ஜிகாபிட் நெட்வொர்க் இருந்தா வரும்). வால்யூம் ரிடென்ஷன் கடைசியா எழுதின நேரத்துலருந்து எண்ணுது. 14 நாள்னா அது முடியறது ஞாயிறு காலை 8. புது ஃபுல்லுக்கு இடம் தேவைப்படறது அதுக்கு முந்தின ராத்திரி. 10 மணி நேரம் பிந்திப் போச்சு. 13 நாள்னா சனி காலை 8-க்கே முடிஞ்சிரும். சனி ராத்திரி 8 மணிக்கு சரிபார்க்கும் ஜாபும் ப்ரூனும் ட்ரங்கேட்டும் ஓட்டினா ஃபுல்லுக்கு முன்னால இடம் ரெடி.

அப்ப டிஸ்க்ல நிக்கறது: போன வார ஃபுல் 9, இன்கிரிமென்டல் ரெண்டு வாரம் 8, புது ஃபுல் 9. மொத்தம் 26 டிபி, 40-ல 65 சதவீதம். உங்க 94 எங்க, இது எங்க.

நகல் நேரம்: எல்டிஓ-8 அரை உயர டிரைவ் கம்ப்ரஷன் இல்லாம நொடிக்கு 300 எம்பி. கணக்குக்கு 220 வைங்க. 9 டிபிக்கு 40,900 நொடி, அதாவது 11 மணி 20 நிமிஷம். ஞாயிறு காலை 10-க்கு ஆரம்பிச்சா ராத்திரி 9:30-க்குள்ள முடியும். திங்கள் காலை 8:30 ஷிப்ட் வரைக்கும் இன்னும் 11 மணி நேரம் கையில இருக்குது. அந்த இடைவெளியை வேற எதுக்கும் கொடுத்திராதீங்க. ஒரு டேப் சிக்கினாலோ, ஒரு ஜாப் திரும்ப ஓடினாலோ அதுதான் காப்பாத்தும்.

பெரிய ஜாபைப் பிரிங்க. ஃபைல் சர்வர் 4 டிபி ஒரே ஜாபா இருந்தா, நடுவுல ரத்தாச்சுன்னா டேப்ல எழுதின அவ்வளவும் வீண். அந்த இடம் டேப் ரீசைக்கிள் ஆகற வரைக்கும் திரும்ப வராது. ஃபோல்டர் வாரியா மூணாப் பிரிச்சா ஒவ்வொண்ணும் 1.3 டிபி, ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சிரும்.

---

வெள்ளலூர் | செவ்வாய், காலை 7:55

பிரையாரிட்டி விஷயத்தைத் திருத்தினதுக்கு நன்றிங்ணா. இரும்பு பக்கம் கொஞ்சம் சேர்க்கறேன்.

டேப் டிரைவுக்குக் குறைஞ்சபட்ச வேகம்னு ஒண்ணு உண்டு. எல்டிஓ-8-ல ஏறத்தாழ 100 எம்பிக்குக் கீழ போனா டிரைவால அதுக்குத் தக்கன மெதுவா ஓட முடியாது. நிறுத்தி, பின்னால ஓட்டி, திரும்ப முன்னால வந்து எழுதும். 40 எம்பில மாசக்கணக்கா எழுதியிருந்தா டேப்பும் ஹெட்டும் தேஞ்சிருக்கும். டேப்அலர்ட் (டிரைவ் தர்ற எச்சரிக்கை) பதிவுகளை ஒருக்கா பாத்துருங்க. ஒரு எல்டிஓ-8 கேசட்ல டேப் நீளம் 960 மீட்டர், முழுசா எழுத 208 தடவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடோணும். சுமார் 200 கிலோமீட்டர், கோயமுத்தூர்லருந்து சேலத்தையும் தாண்டி. ஒழுங்கா எழுதும்போதே அவ்வளவு ஓட்டம். நின்னு நின்னு எழுதினா இதுக்கு மேல எவ்வளவுன்னு யோசிச்சுக்குங்க.

டேப் டிவைஸ்ல மேக்சிமம் ஃபைல் சைஸ் இயல்பா 1 ஜிபி. 300 எம்பி வேகத்துல மூணு நொடிக்கொருக்கா ஃபைல் மார்க் எழுதி பஃபரைக் காலி பண்ணும். 20 ஜிபி ஆக்குங்க. பிளாக் சைஸ் கூட்டறதா இருந்தா பாதி எழுதின டேப் மேல மாத்தாதீங்க, புதுசா லேபிள் போட்ட டேப்லருந்து ஆரம்பிங்க.

அப்புறம் டெபியன்ல எம்டி ரெய்டு சோதனை. மாசத்தோட முதல் ஞாயிறு ராத்திரி 12:57-க்குத் தானாக் கிளம்பற மாதிரி கிரான்ல இருக்கும்; புதுப் பதிப்புல சிஸ்டம்டி டைமரா, அதே முதல் ஞாயிறு. உங்க ஃபுல் ஓடற நேரம் அது. 40 டிபி ரெய்டுன்னா சோதனை ஞாயிறு பகலையும் தின்னுரும். புதன் பகலுக்கு மாத்துங்க. நிறுத்த மட்டும் செய்யாதீங்க, டேப்புக்குக் கெட்ட பிளாக்கை நகல் எடுத்து என்ன பிரயோசனம்.

நூற்பாலைல சர்வர் ரூம் வெச்சிருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்பின்னிங் பக்கம் நூல் அறுகாம இருக்க ஈரப்பதம் 55, 60 சதவீதம்னு வெப்பாங்க. டேப் வெக்கற இடத்துக்கு 20-லருந்து 50 வரைக்கும், வெப்பம் 16-லருந்து 25 டிகிரி வரைக்கும்தான் நல்லது. ஹியுமிடிஃபிகேஷன் பிளான்ட் காத்து சர்வர் ரூமுக்கு வரவே கூடாது. பஞ்சுத் தூசி டிரைவுக்குள்ள போனா கிளீனிங் கேசட் போட்டுத் தீராது. தனி ஏசி, கதவுக்கு ரப்பர் பட்டை, உள்ள காத்தழுத்தம் வெளியைவிடக் கொஞ்சம் கூட.

---

அவிநாசி | செவ்வாய், காலை 9:10

மின்வாரிய மாதாந்திரப் பராமரிப்பு நாளையும் ஷெட்யூல்ல சேருங்க. காலை 9-லருந்து சாயங்காலம் 4, 5 வரைக்கும் இருக்காது. சர்வருக்கு யுபிஎஸ் கொடுத்துட்டு ஆட்டோலோடரைச் சாதாரண பிளக்ல சொருகியிருக்கற இடங்கள் உண்டு. ஜெனரேட்டர் மாறற சில நொடியில டிரைவ் செத்து எழுந்திரிக்கும். நடுவுல அப்படி ஆனா, டேப்ல இருக்கற ஃபைல் எண்ணிக்கையும் கேட்டலாக் எண்ணிக்கையும் ஒத்துப் போகாம பேக்குலா அந்த வால்யூமை 'எரர்' ஆக்கிரலாம். அதுல இருக்கறதைப் படிக்கலாம், மேல எழுதாது. டேப்ல இருக்கறது கூடுதலா இருந்தா அப்டேட் வால்யூம்ல எண்ணைச் சரி பண்ணி 'அப்பெண்ட்' ஆக்கலாம். டேப்ல குறைவா இருந்தா கை வெக்காதீங்க, அந்த டேப்பைத் தனியா எடுத்து வெச்சுட்டு நகலைப் புது டேப்ல திரும்ப எடுங்க.

---

ஊத்துக்குளி | செவ்வாய், மதியம் 1:30

எல்லாத்துக்கும் ரொம்ப நன்றிங்க. இப்படி எழுதி வெச்சிருக்கேன், பாத்துச் சொல்லுங்க:

சனி ராத்திரி 8:00: நகல் சரிபார்ப்பு, ப்ரூன், ட்ரங்கேட்
சனி ராத்திரி 10:00: ஃபுல், 10 ஜாப், டிஸ்க் ஃபுல் பூலுக்கு
முதல் ஞாயிறு காலை 10:00: மாத டேப் பூலுக்கு நகல்
2 முதல் 5-ஆம் ஞாயிறு காலை 10:00: வார டேப் பூலுக்கு நகல்
திங்கள் முதல் வெள்ளி ராத்திரி 10:00: இன்கிரிமென்டல், தனி டிஸ்க் பூலுக்கு
புதன் காலை 9:00: ரெய்டு சோதனை

இன்கிரிமென்டலை டேப்புக்கு அனுப்பலை, டிஸ்க்ல 13 நாள் இருந்தாப் போதும்னு நினைக்கறேன். எல்டிஓ-9 வாங்கினா நேரம் குறையுமாங்க?

---

காங்கேயம் | செவ்வாய், மதியம் 2:45

ஃபுல் ஜாப் 10 என்றால் எழுதும் டிவைஸும் 10 வேண்டும். படிக்க 2 சேர்த்து 12 ஆக்குங்கள்.

இன்கிரிமென்டல் டேப்புக்குப் போக வேண்டும். ரேன்சம்வேர் வந்து பேக்கப் சர்வரின் டிஸ்கையும் பூட்டினால் உங்கள் கையில் இருப்பது போன ஞாயிறு டேப் மட்டும். வெள்ளிக்கிழமை நடந்தால் ஒரு வார ஆர்டர், உற்பத்திக் கணக்கு, ஷிப்பிங் பில் எல்லாம் போயிற்று. 0.8 டிபி 220 எம்பியில் ஒரு மணி நேரம்தான். செவ்வாய் முதல் சனி வரை காலை 6:30-க்கு வைத்தால் 8:30 ஷிப்ட்டுக்கு முன்பே முடிந்துவிடும். வாரத்துக்கு 4 டிபி, ஒரு டேப்பில் மூன்று வாரம் அடங்கும் என்றாலும் வாரம் ஒரு டேப் வையுங்கள். டேப் டிரைவுக்குள் இருக்கும்வரை அது சர்வரின் கைக்கெட்டும் பொருள்தான். சனி காலை நகல் முடிந்ததும் வெளியே எடுத்து, எழுத்துத் தடுப்பு நாக்கைத் தள்ளி, வேறு வளாகத்துக்கு அனுப்புங்கள்.

---

பெருந்துறை | செவ்வாய், மாலை 5:20

எல்டிஓ-9 அரை உயர டிரைவும் 300 எம்பிதான். கொள்ளளவு 12-லிருந்து 18 டிபி ஆகும், நேரம் குறையாது. புது எல்டிஓ-9 கேசட்டை முதன்முறை போடும்போது டிரைவ் அதைத் தனக்கேற்ப அளந்துகொள்ளும், அதற்கு 2 மணி நேரம் வரைகூட ஆகலாம். வாங்கினால் வார நாளில் எல்லாவற்றையும் ஒருமுறை போட்டு எடுத்துவிட்டே ஞாயிறுக்கு வையுங்கள். எல்டிஓ-9 டிரைவ் எல்டிஓ-8 கேசட்டைப் படிக்கும், எழுதும், எல்டிஓ-7 படிக்காது.

எல்டிஓ-8 கேசட் பெட்டி மேல் 30 டிபி என்று இருப்பது 2.5 மடங்கு கம்ப்ரஷன் நம்பிப் போட்டது. டிசைன் படங்களும் ஏற்கெனவே சுருக்கிய பேக்கப்பும் அப்படிச் சுருங்காது. 12 என்றே எண்ணுங்கள். உங்கள் ஃபுல் 11 டிபி தொடும் மாதத்திலிருந்து இரண்டாவது டேப் லோடரில் தயாராக இருக்க வேண்டும்.

டேப் எண்ணிக்கை: வார பூலுக்கு 5, மாத பூலுக்கு 12, இன்கிரிமென்டலுக்கு 3. நிதியாண்டு முடியும் மார்ச்சின் கடைசி நகல் தனியாக ஆண்டு பூலுக்கு. கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 128 கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டு வைக்கச் சொல்கிறது, ஆக 8. மொத்தம் 28, கையிருப்பு 2, கிளீனிங் கேசட் 1. கிளீனிங் கேசட்டை டிரைவ் கேட்கும்போது மட்டும் போடுங்கள்.

---

ஊத்துக்குளி | செவ்வாய், மாலை 6:05

சரிங்க. இன்கிரிமென்டல் நகல் காலை 6:30, சனி காலை டேப் வெளியே, டிவைஸ் 12-ன்னு மாத்திட்டேன். ஒரே ஒரு சந்தேகம்: இப்ப டிஸ்க்ல பின்னிக் கிடக்கற பழைய வால்யூம்களை என்ன பண்றது? அதுகளையும் காப்பி ஜாப் எடுத்தா அதே 37 எம்பிதானே வரும்?

---

சென்னிமலை | செவ்வாய், இரவு 9:00

ஆமா, அதே வேகம்தான், டேப் ஹெட்டும் அதேபடி தேயும். பழசை நகல் எடுக்காதீங்க. புது பூலுக்குப் புதுப் பேரு வெச்சு, பழைய பூலை அப்படியே படிக்க மட்டும் விட்டுருங்க. காப்பி ஜாப் பூல் வாரியாத்தான் தேடும், பழசைத் தொடாது. சரிபார்ப்பு ஸ்கிரிப்டும் புதுப் பூல்களை மட்டும் பார்க்கட்டும். 40 டிபில பழசு எவ்வளவோ அவ்வளவு இடம் புது ஃபுல்லுக்குக் கிடைக்காது, அதனால முதல் சனிக்கு முன்னால, மைக்ரேஷன் ஆகி டேப்ல ஏற்கெனவே இருக்கற ஜாபுகளோட வால்யூம்களைப் பர்ஜ், ட்ரங்கேட் பண்ணுங்க. அது மட்டுமே 12 டிபி விடும். டேப்புக்குப் போகாத பழைய ஃபுல்லுல கடைசி ஒண்ணை வெச்சுக்குங்க. புது ஃபுல் ரெண்டு டேப்புல விழுந்து, அதுலருந்து ஈஆர்பி டேட்டாபேஸை வேற மெஷின்ல ரீஸ்டோர் பண்ணித் திறந்து பாத்ததுக்கு அப்புறம் பழைய பூலை அழிங்க.